‘என்சைம்’ என்னும் சொல்லின் பிறப்பும் ஐரோப்பிய மொழிகளில் அதன் வடிவங்களும்

கேள்வி
எழுதியவர்: காட்பாடி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூரில் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யூரியேஸ் குறித்த என் ஆய்வேட்டுக்காகப் பல ஐரோப்பிய மொழிகளில் வந்த பழைய கட்டுரைகளின் தலைப்புகளைத் தொகுத்து ஓர் அட்டவணை தயாரித்தேன். ஆங்கிலமும் தமிழும் மட்டுமே அறிந்தவள் என்பதால் கணினி மொழிபெயர்ப்பை நம்பித்தான் அந்த வேலையைச் செய்தேன். அட்டவணையைப் பார்வையிட்ட என் வழிகாட்டி, ருஷ்யக் கட்டுரைகள் நான்கின் எதிரே ‘நொதித்தல்’ என்று நான் எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டி, யூரியாவைச் சிதைக்கும் ஒரு புரதத்துக்கும் நொதித்தலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். மூலத்தைத் திரும்பப் பார்த்தபோது அங்கே ‘ஃபெர்மென்ட்’ என்ற சொல் இருந்தது. ருஷ்யத்தில் என்சைமுக்கு, அதாவது உயிரினங்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிக்கு, அதுதான் பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு அட்டவணை முழுவதையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஜெர்மன் தலைப்புகளில் ஆங்கிலத்தில் உள்ளதைப் போலவே ‘என்சைம்’ என்ற எழுத்துக்கூட்டு வருகிறது. சில இடங்களில் கடைசி எழுத்து இல்லாமலும் வருகிறது. ஸ்பானிய மொழியில் இந்தச் சொல்லுக்கு முன்னால் சில கட்டுரைகளில் ஆண்பால் அடைச்சொல்லும் சிலவற்றில் பெண்பால் அடைச்சொல்லும் இருக்கின்றன. இந்தச் சொல் எங்கே பிறந்தது, ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை வடிவங்கள், ருஷ்யர்கள் மட்டும் ஏன் வேறு சொல்லை வைத்துக்கொண்டார்கள் என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால், அட்டவணையைத் திருத்துவதோடு நானும் தெளிவு பெறுவேன்.

பதில் 1
எழுதியவர்: ஆற்காடு வாசகர்

அம்மா, வணக்கம். நான் இறையியல் படித்த காலத்தில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்றவன். இந்தச் சொல்லின் முதற்பாதி வரலாறு எங்கள் பாடத்துக்கு உள்ளேயே இருந்ததால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கிரேக்கத்தில் ‘என்’ என்றால் ‘உள்ளே’. ‘சூமே’ என்றால் ‘புளித்த மா’. ஒரு பெண் மூன்று படி மாவுக்குள் புளித்த மாவை அடக்கி வைத்தாள் என்று மத்தேயு நற்செய்தியில் வரும் உவமையில், மூலத்தில் இருக்கும் சொல் இந்தச் ‘சூமே’தான். புளிக்காத அப்பத்துக்குக் கிரேக்கத்தில் ‘அசூமோஸ்’ என்று பெயர். முன்னால் உள்ள ‘அ’ நம் ‘அநீதி’, ‘அசுத்தம்’ போன்றவற்றில் வருவதைப் போன்ற எதிர்மறை. அதற்கு மறுதலையாக, புளித்த மா சேர்த்துச் சுட்ட அப்பம் ‘என்சூமோஸ்’ எனப்பட்டது. நற்கருணையில் எந்த அப்பத்தைப் படைப்பது என்பதில் ரோமாபுரித் திருச்சபையும் கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபையும் கடுமையாக மோதிக்கொண்டன. 1054-இல் இரண்டும் பிரிந்தபோது இந்த அப்பச் சச்சரவும் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. ஆகவே ‘உள்ளே புளிப்பு உடையது’ என்னும் பொருளில் இந்தச் சொல் ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பலிபீடத்தருகே வழங்கியது.

இன்றைய அறிவியல் பொருளை அதற்குக் கொடுத்தவர் வில்லி கூனே என்னும் ஜெர்மன் உடலியங்கியல் அறிஞர். 1876-இல் ஹைடல்பெர்க் நகரில் அவர் இதை முன்வைத்தார். ஏன் தேவைப்பட்டது என்பதை அறிந்தால்தான் உங்கள் ருஷ்யச் சிக்கலும் அவிழும்.

அதுவரை ஐரோப்பா முழுவதும் ‘ஃபெர்மென்ட்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறுபட்ட பொருள்களுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக் கரைசலைச் சாராயமாக்கும் ஈஸ்ட் ஒரு ஃபெர்மென்ட். அது உயிருள்ளது, வளர்வது, பெருகுவது. முளைகட்டிய பார்லியிலிருந்து 1833-இல் பாயனும் பெர்சோவும் பிரித்தெடுத்த, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பொருளும் ஒரு ஃபெர்மென்ட். 1836-இல் ஷ்வான் இரைப்பையில் கண்டு ‘பெப்சின்’ என்று பெயரிட்ட பொருளும் அப்படியே. பின்னவை இரண்டும் உயிரற்றவை. வடிகட்டி எடுத்துப் புட்டியில் வைத்தாலும் வேலை செய்பவை. முதல் வகையை ‘உருவமைந்த ஃபெர்மென்ட்’ என்றும் மற்றதை ‘உருவமில்லா ஃபெர்மென்ட்’ என்றும் நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர், நொதித்தல் உயிரின் செயலே என்றார். ஜெர்மன் வேதியியலர் லீபிக், அது வெறும் வேதியியல் சிதைவு என்றார். இந்தப் பெரும் விவாதத்தின் நடுவில், ஒரு கருதுகோளையும் சார்ந்து நிற்காத பெயராக, ஈஸ்டின் உள்ளே ஏதோ ஒன்று இருந்து இந்த வேலையைச் செய்கிறது என்று மட்டும் சொல்லும் பெயராகக் கூனே ‘என்சூம்’ என்பதை உருவாக்கினார். உயிர் இல்லாமலும் வேலை செய்யும் பொருளுக்கே அதை ஒதுக்கினார்.

ஜெர்மனியிலேயே எல்லோரும் உடனே இதை ஏற்கவில்லை. ஓட்டோ வார்பர்க் தாம் ஆராய்ந்த சுவாச நொதிக்கு ‘ஆட்முங்ஸ்ஃபெர்மென்ட்’ என்றே பெயர் வைத்திருந்தார். அந்த ஆய்வுக்காக 1931-இல் நோபல் பரிசும் பெற்றார். கூனே புதுச்சொல் படைத்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் நிலைமை அப்படி இருந்தது. ருஷ்ய மொழியில் பழைய ‘ஃபெர்மென்ட்’ பொருளைச் சுருக்கிக்கொண்டு நிலைத்துவிட்டது. ‘என்சீம்’ என்பதும் அங்கே வழங்கும், அத்துறைக்கு ‘என்சிமலோகியா’ என்ற பெயரும் உண்டு, ஆனால் கட்டுரைகளில் மிகுதியாக வருவது ‘ஃபெர்மென்ட்’தான். லிதுவேனிய மொழியின் ‘ஃபெர்மென்டஸ்’ என்பதும் அதே வழியில் நின்றதே. உங்கள் அட்டவணையில் அந்த நான்கு இடங்களிலும் ‘நொதி’ என்று எழுதிவிடுங்கள். நொதித்தலைச் சொல்ல ருஷ்யர்களுக்கு ‘பிரஜேனியே’ என்ற வேறொரு சொல் இருக்கிறது.

பதில் 2
எழுதியவர்: ராணிப்பேட்டை தோல் வேதியியலர்

ஆற்காடு ஐயா எழுதியதைப் படித்தபோது, நான் முப்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில் வேலை பார்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. இந்தச் சொல் எங்கள் தொழிலிலும் புழங்கியது என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன்.

சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து மயிரும் சதையும் நீக்கிய தோல், வீங்கி விறைப்பாக ரப்பர் போல் இருக்கும். சுண்ணாம்பை வெளியேற்றிய பிறகு அதை டிரம்மில் போட்டு, உடம்புச் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பான நீரில், தோலை இளக்கும் நொதி கலந்த ‘பேட்’ தூளைச் சேர்த்து ஓட்டுவோம். வேலை முடிந்ததா என்று அறிய எங்கள் மேஸ்திரி எந்தக் கருவியையும் தேடியதில்லை. ஓர் ஆட்டுத் தோலை இழுத்து மேசையில் விரித்து, மேல்பரப்பில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். விரல் எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது. பள்ளம் துள்ளி மேலே வந்துவிட்டால் இன்னும் ஓட வேண்டும். புரதத்தை நொதி தின்றிருக்கிறதா என்பதை அந்த ஒற்றை விரல்தடம் சொல்லிவிடும்.

பழங்காலத்தில் ஐரோப்பியத் தோல் தொழிலாளர்கள் இந்த வேலைக்கு நாய்ச் சாணத்தையும் புறா எச்சத்தையும் கரைத்துப் பயன்படுத்தினார்கள். எது வேலை செய்கிறது என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். ஓட்டோ ரோம் என்னும் ஜெர்மன் வேதியியலர்தான் 1907-இல், கணையத்திலிருந்து எடுத்த நொதிகளை அவற்றுக்குப் பதிலாகக் கொண்டுவந்தார். கணையத்தில் உள்ள அந்த முக்கிய நொதிக்கு ‘டிரிப்சின்’ என்று பெயர் வைத்தவரும் அதே கூனேதான், அதுவும் அதே 1876-இல். இதை நான் அறிந்தபோது என் மனம் நெகிழ்ந்தது. பாலாற்றங்கரையில் ஓடிய எங்கள் டிரம்முக்கும் ஹைடல்பெர்க் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே இப்படி ஒரு நேர்க்கோடு இருந்திருக்கிறது.

எங்கள் ஷாப்பின் ஆய்வகத்தில் பழைய ஜெர்மன் கையேடு ஒன்று இருந்தது. அதில் ‘பேட்டிங்’ என்பதற்கு ‘பைட்சென்’ என்று போட்டிருக்கும். கடிக்க வைத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆங்கிலத்தின் ‘பைட்’ அதன் உறவுச்சொல். தோலை நொதி கடித்து இளக்குகிறது என்று அந்த மக்கள் நினைத்திருக்கிறார்கள். அதே கையேட்டில்தான் மாணவி சொன்ன எழுத்துக்கூட்டுச் சிக்கலையும் நான் சந்தித்தேன். ஜெர்மன் மொழியில் ஒருமைக்குக் கடைசி எழுத்து இல்லை. பன்மைக்கு ஓர் ‘எ’ ஒலியைச் சேர்ப்பார்கள். அந்தப் பன்மையின் எழுத்துக்கூட்டும் ஆங்கில ஒருமையின் எழுத்துக்கூட்டும் ஒன்றே. ஆகவே ஜெர்மன் தலைப்பில் ஆங்கிலத்தைப் போலவே எழுதியிருந்தால் அங்கே பல நொதிகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கொள்ளுங்கள்.

‘சூமே’ என்பது ‘கொதித்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து வந்தது என்றும், ஆங்கில ‘ஈஸ்ட்’ அதன் உடன்பிறப்பு என்றும் அந்தக் கையேட்டின் முன்னுரையில் படித்த நினைவு.

பதில் 3
எழுதியவர்: குடியாத்தம் மொழிபெயர்ப்பாளர்

பால் குறித்த கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மருந்து நிறுவனங்களின் ஆவணங்களை ஸ்பானியத்திலிருந்தும் இத்தாலியத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றுவது என் அன்றாட வேலை.

ஸ்பானியத்தில் ‘என்சிமா’ என்பதை ஆண்பாலிலும் பெண்பாலிலும் எழுதலாம். இரண்டும் பிழையல்ல, பெண்பாலே அதிகம் வழங்குகிறது. இத்தாலியத்தில் ஆண்பால் மட்டும், பன்மை ‘என்ட்சீமி’. போர்ச்சுகீசியத்திலும் ருமேனியத்திலும் பெண்பால். கட்டலானில் கடைசி ‘ஆ’ உதிர்ந்து ‘என்சிம்’ ஆகி ஆண்பாலாகிவிட்டது. பிரெஞ்சில் இரு பாலிலும் வழங்கக் காணலாம். ஜெர்மன், டச்சு, சுவீடியம், டேனியம் ஆகியவற்றில் அஃறிணைக்குரிய மூன்றாம் பால்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ‘மா’ என்னும் ஈற்றைக் கண்டதும் இலத்தீன் வழி மொழிகள் இரண்டு பக்கம் இழுக்கப்படுவதுதான். ‘ஆ’வில் முடிவதால் பெண்பால் என்று காது சொல்கிறது. ஆனால் கிரேக்கத்திலிருந்து வந்த ‘ப்ராப்ளேமா’, ‘சிஸ்தேமா’ போன்ற சொற்கள் எல்லாம் ஆண்பால் என்று இலக்கணம் சொல்கிறது. இத்தாலியர்கள் அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட்டார்கள். உண்மையில் அந்தச் சொற்களின் ‘மா’ ஒரு விகுதி. ‘சூமே’யில் அந்த விகுதி இல்லை. என் கருத்தில் இத்தாலிய வழக்கு ஒரு தவறான ஒப்புமையில் பிறந்தது. இருந்தாலும் வழக்கானபின் அதுவே அங்கே சரி.

ஸ்பானியத் தலைப்புகளைக் கணினியிடம் கொடுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ‘மேலே’ என்று பொருள்படும் சொல் ஒன்று, ஓர் எழுத்து மட்டும் மாறி, ‘என்சிமா’ என்றே ஒலிக்கும். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிய ஆவணங்களில் ‘மேலே’ இருக்க வேண்டிய இடத்தில் நொதியும், நொதி இருக்க வேண்டிய இடத்தில் ‘மேலே’யும் வந்து நிற்பதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

பதில் 4
எழுதியவர்: ஆற்காடு வாசகர்

ராணிப்பேட்டை நண்பர் எழுதிய விரல்தடத்தைப் படித்து மகிழ்ந்தேன். வேர் குறித்து மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ‘கொதித்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்க வினை ‘செயோ’ என்பது. ஆங்கில ‘ஈஸ்ட்’ அதனோடு உறவுடையது என்பது சரி. ஆனால் ‘சூமே’யை மொழியியலாளர்கள் வேறொரு குடும்பத்தில் வைக்கிறார்கள். சாறு, குழம்பு என்று பொருள்படும் இலத்தீன் ‘யூஸ்’, வடமொழியின் ‘யூஷம்’ ஆகியவை அதன் உறவுகள். ஆயுர்வேதத்தில் பயறு வேகவைத்து இறுத்த சாற்றுக்கு ‘யூஷம்’ என்று பெயர் இருப்பதை நம் ஊர் நாட்டு மருந்துக் கடைக்காரர்கள்கூட அறிவார்கள். ஆங்கிலத்தில் பழச்சாற்றைக் குறிக்கும் ‘ஜூஸ்’ அந்த இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆக, கூனே உண்டாக்கிய சொல்லின் தூரத்து உறவு நம் ஊர்ப் பழக்கடைப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது.

புளித்த மாவை ஐரோப்பியர்கள் எத்தனை கண்களால் பார்த்தார்கள் என்பதும் இங்கே தெரிகிறது. இலத்தீன் ‘ஃபெர்மென்டும்’, கொதித்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. நுரை பொங்குவதைக் கண்டவர்கள் வைத்த பெயர். ஜெர்மன் ‘ஹேஃபெ’, பிரெஞ்சு ‘லெவ்யூர்’, ஸ்பானிய ‘லெவதூரா’ ஆகியவை உயர்த்துதல் என்னும் வினையிலிருந்து பிறந்தவை; மாவு எழும்புவதைக் கண்டவர்களின் சொற்கள். ருஷ்யர்கள் மாவுக்குப் போடும் உறைக்கு வைத்த ‘ஜக்வாஸ்கா’, புளிப்பிலிருந்து வந்தது. அதுதான் நம் வழக்குக்கு மிக நெருக்கம். நம் வீடுகளில் இரவு அரைத்து வைத்த மாவைக் காலையில் திறந்து பார்த்து ‘புளித்துவிட்டதா’ என்றும் கேட்கிறோம், ‘பொங்கிவிட்டதா’ என்றும் கேட்கிறோம். இரண்டு பார்வையும் நம்மிடம் இருக்கின்றன.

வடிவ வேறுபாட்டுக்கு இன்னொரு காரணத்தை முன்பு சொல்ல மறந்தேன். ‘சூமே’ என்று நான் எழுதினாலும், அதில் உள்ள உயிர் தமிழ் ‘ஊ’ அன்று. உதடுகளை ‘ஊ’ சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு நாக்கால் ‘ஈ’ சொல்ல வேண்டும். ஜெர்மனும் பின்லாந்து மொழியும் எஸ்தோனியமும் அந்த ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. பின்லாந்தில் ‘என்ட்சூமி’ என்பார்கள். பிரெஞ்சு, ஸ்பானியம், ஹங்கேரியம் ஆகியவற்றில் அது ‘இ’ ஆகிவிட்டது. ஐரிஷ் மொழியிலும் ஐஸ்லாந்திலும் எழுத்தையே ‘இ’க்கு மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலம் மட்டும் ‘ஐ’ என்று ஒலிக்க, நாம் ஆங்கிலத்தைக் கேட்டு ‘என்சைம்’ என்று எழுதுகிறோம். கிரேக்கர்களோ இன்று ‘என்சிமோ’ என்கிறார்கள். அவர்களுடைய மொழியிலேயே அந்தப் பழைய ஒலி ‘இ’யாக மாறி நெடுங்காலமாயிற்று. ஆனால் மாவு பிசைதலுக்கு அவர்கள் இன்றும் ‘சிமோனோ’ என்று சொல்வதால், ஒரு கிரேக்கச் சிறுவனுக்கு இந்தச் சொல்லின் பொருள் பாட்டியின் அடுப்பங்கரையிலேயே விளங்கிவிடும்.

பதில் 5
எழுதியவர்: சத்துவாச்சாரி ஈழத்தமிழர்

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளி படித்தவன். இப்போது வேலூரில் வாழ்கிறேன். எங்கள் பாடநூல்களில் ‘நொதியம்’ என்றுதான் படித்தோம். இங்கே என் பிள்ளைகள் ‘நொதி’ என்று படிக்கிறார்கள். முதலில் இது எனக்குப் புதிதாக இருந்தது. ஆனால் ஆற்காடு ஐயா சொன்ன வரலாற்றைப் படித்த பிறகு இரண்டு வடிவங்களின் தன்மையும் எனக்குத் தெளிவாகிறது. ‘நொதித்தல்’ என்னும் வினைக்கும் அதைச் செய்யும் பொருளுக்கும் தமிழில் ஒரே வேர். ருஷ்ய ‘ஃபெர்மென்ட்’ எப்படியோ அப்படித்தான் நம் ‘நொதி’யும். ‘அம்’ சேர்த்த வடிவம், செயலிலிருந்து பொருளைச் சற்றுப் பிரித்துக் காட்டுகிறது. எனக்கு அந்தப் பிரிவு பிடிக்கும். இருந்தாலும் இரண்டில் ஒன்றைப் பிழை என்று எவரும் சொல்லக் கூடாது. மாணவி தம் ஆய்வேட்டில் தமிழ்ச் சுருக்கம் எழுதுவாரானால், தொடக்கத்திலேயே ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே எழுதட்டும்.

பதில் 6
எழுதியவர்: காட்பாடி மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அட்டவணையை முழுவதுமாகத் திரும்ப எழுதினேன். ருஷ்யப் பதிவுகள் நான்கையும் ‘நொதி’ என மாற்றினேன். ஜெர்மன் பதிவுகளில் ஆறு பன்மைகள் ஒருமையாக நின்றன, அவற்றையும் சரிசெய்தேன். பிரெஞ்சுப் பதிவு ஒன்றில் ‘தியாஸ்தாஸ்’ என்று இருந்ததைக் கணினி அப்படியே ஒரு குறிப்பிட்ட நொதியின் பெயராக விட்டிருந்தது. அங்கே அது எல்லா நொதிகளுக்கும் பொதுப்பெயராக வந்ததா என்பதுதான் மீதமுள்ள ஐயம். கட்டுரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. நான் ஆராயும் யூரியேஸின் ஈற்றில் உள்ள ‘ஏஸ்’ அந்தச் சொல்லிலிருந்துதான் வந்ததா என்றும் அறிய விரும்புகிறேன்.

பதில் 7
எழுதியவர்: ராணிப்பேட்டை தோல் வேதியியலர்

ஆம், அம்மா, இரண்டுக்கும் விடை ஒன்றே. முதற்பதிலில் ஐயா சொன்ன பாயனும் பெர்சோவும் தாங்கள் பிரித்த பொருளுக்கு வைத்த பெயர்தான் ‘தியாஸ்தாஸ்’. கிரேக்கத்தில் ‘பிரித்தல்’ என்று பொருள். மாவுச்சத்து மணியின் உறையிலிருந்து உள்ளீட்டைப் பிரிக்கிறது என்று கருதி அப்படிப் பெயரிட்டார்கள். முதலில் கிடைத்த நொதி என்பதால் பிரெஞ்சுக்காரர்கள் நெடுங்காலம் அதையே நொதிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக வழங்கினார்கள். 1898-இல் துக்ளோ என்னும் பிரெஞ்சு அறிஞர், அந்த முதல் பெயரின் ஈற்றை எடுத்து எல்லா நொதிகளுக்கும் ‘ஆஸ்’ என்று முடியும்படி பெயர் வைக்கலாம் என்று முன்மொழிந்தார். அதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஏஸ்’ என்கிறோம். பழைய பெயர்களான பெப்சினும் டிரிப்சினும் அந்த விதிக்கு முன்பே பிறந்தவை என்பதால் தப்பித்துக்கொண்டன.

உங்கள் பிரெஞ்சுப் பதிவில் அந்தச் சொல் பன்மையில் இருந்தால் தயங்காமல் ‘நொதிகள்’ என்று எழுதுங்கள். ஒருமையில் இருந்து, பக்கத்தில் முளைகட்டிய பார்லியோ மாவுச்சத்தோ பேசப்பட்டால் மட்டும் இன்று நாம் அமைலேஸ் என்னும் நொதி என்று கொள்ளுங்கள்.

பதில் 8
எழுதியவர்: காட்பாடி மாணவி

பார்த்துவிட்டேன், ஐயா. பன்மைதான்.